திருப்பிச் சொல்

இரவு ஒன்று நாற்பது.
சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தும்.
யாரும் திருத்துவதில்லை, கழித்துக்கொள்வோம்.

புறக்கோட்டையில் லொறியின் பின்கதவு விழுந்து
வெங்காய வாடையோடு ஒருவன்.
மழையும் அவனோடு உள்ளே வந்தது.

டொக்டர் உதேனி குரல் உயர்த்த மாட்டா.
பெயரை முதலில் சொல்லுவா, பிறகு வேலையை.
"மிஸ்ரியா, பிரஷர்."
"எண்பதுக்கு ஐம்பது."
"எண்பதுக்கு ஐம்பது."
சொன்னது கேட்டவர் வாயால் திரும்பி வரவேண்டும்.
வராவிட்டால் சொல்லவேயில்லை என்று கணக்கு.

இரத்த வங்கிக்கு நான் பேசினேன்.
இரண்டு என்றேனா, தெக்க என்றேனா,
என் வாய்க்கே நினைவில்லை.
மறுமுனை இரண்டென்றது. போதும்.

அவன் முனகிக்கொண்டே இருந்தான்:
பைய... பைய...
டொக்டருக்கு அது சிங்களத்துப் 'பய'.
"பய வென்ன எப்பா, மல்லி" என்று
தோளில் கை வைத்தா.
மிஸ்ரியாவும் வைத்தாள்.
அத்தனை அன்பாகத் தவறினோம்.

நான் தமிழ்.
நானும் பயமென்றே கேட்டேன்.
ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன், காற்றையும் தட்டிவிட்டேன்.

விமலதுங்க அப்போது
வெட்டி எறிந்த சட்டையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.
சிற்றூழியர். இந்த வேலைக்கு முன்
பதினோரு வருடம் நாலாம் குறுக்குத் தெருவில்
நாட்டாமிகளோடு மூட்டை சுமந்தவர்.
"பயம் இல்ல மிஸ்" என்றார், என்னிடம், தமிழில்.
"பையில. பையில எண்டு சொல்றான்."

ஈரச் சட்டைப் பைக்குள் பொலித்தீன்.
பொலித்தீனுக்குள் நாலாய் மடித்த கிளினிக் துண்டு:
பென்சிலின் ஆகாது.

"பென்சிலின் எப்பா" என்றார், உரக்க.
ஒரு கணம் எவரும் பேசவில்லை.
கூட்டுமாறு பிடித்த கை கட்டளையிடலாமா என்று
அந்த ஒரு கணம் யோசித்ததோ என்னவோ.
பிறகு டொக்டர்: "பென்சிலின் எப்பா."
மிஸ்ரியா: "பென்சிலின் எப்பா."
நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு:
"பென்சிலின் இல்லை."
என் குரல்தான் கடைசி.

நாலு மணிக்கு அவனைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஏற்றினார்கள்.
பிளேன்டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.
படிவத்தில் ஒரு கட்டம்: கண்டறிந்தவர்.
கீழே சிறிய எழுத்தில், வைத்தியர் அல்லது தாதி.

நடைபாதையில் வெங்காயச் சருகு கூட்டிக்கொண்டிருந்தவரிடம்
போய் முழுப்பெயர் கேட்டேன்.
எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
நான் திருப்பிச் சொன்னேன்.