கடைவாய்ப் பல்

மரத்துவிட்டதா, என்கிறார் பல் டாக்டர் க்ஸாவெரி.
மூன்றாவது தடவை கேட்கிறார்.
இன்னும் கொஞ்சம் போடட்டுமா?
அவசரமில்லை, சொல்லுங்கள்.

ஒரு பல்லுக்கு.

சுவாவ்கியில் பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
உப்பு தூவிய தெருவில் ஒரு பஸ்
உறுமிக்கொண்டே நிற்கிறது.
என் கன்னம் என்னுடையதில்லை இப்போது;
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன
ஈர ரொட்டி.

எப்படித் தெறித்தது இது? கொட்டை கடித்தீர்களா?

ஆறு வாரம் முன்பு, வெள்ளி இரவு.
மயக்க டாக்டர் ஊருக்கே ஒருவர்.
ரம்பத்தில் விரல்களை விட்ட ஒருவனோடு
கீழ்த்தளத்தில் இருந்தார்.
வருவார், இன்னும் நேரமாகவில்லை என்றார்கள்.
அப்புறம், நேரம் தாண்டிவிட்டது என்றார்கள்.
இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம்
சரியான நிமிஷமாக இருந்திருக்க வேண்டுமே,
பால் கொடுக்கும் ராத்திரிகளில்
அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிரிப்பு வாயு உருளையின் முள்
பூஜ்யத்தில் படுத்துத் தூங்கியது.
வெந்நீர் ஷவருக்கு ஒத்தீலியா என்ற பெண்
எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள்,
சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு.

பல்லைக் கடித்துக்கொள், என்றாள் வியெஸ்வாவா.
கெட்டவளில்லை. அன்றிரவு நான்கு பேருக்கு
அவள் ஒருத்தி.
தன் மூன்றையும் அப்படித்தான் பெற்றாளாம்.
என் நகங்கள் அவள் மணிக்கட்டில் இறங்கியபோது
கையை உதறவில்லை. விடிந்தபோது
அங்கே நான்கு சிவந்த பிறைகள்.

நான் சொன்னபடி கேட்கிறவள்.
கடித்தேன்.
முழங்கால்கள் யாருடையவோ ஆகி,
இடுப்பு இரண்டாகக் கிழிந்து,
வாய்க்குள் சின்னதாக ஒரு சத்தம்:
ஐஸ்கட்டியில் தேநீர் ஊற்றினால் கேட்குமே,
அந்தச் சத்தம்.
பிறகு இன்னொரு அழுகை வந்து
எல்லாச் சத்தத்தையும் மூடிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பிய காகிதத்தில் எழுதியிருந்தது:
சுகப்பிரசவம். சிக்கல் ஏதுமில்லை.
பல்லுக்கு அதில் கட்டம் இல்லை.
ராதெக் அதைக் காந்தம் வைத்து
ஃப்ரிட்ஜில் ஒட்டினான், சந்தோஷத்தில்.
நான் எடுக்கவில்லை.

இப்போது வெளியறையில் அவள் அழுகிறாள்.
சட்டை நனைகிறது; உடம்பின் இந்தப் பக்கம்
யாரையும் கேட்பதில்லை.

கொட்டைதான், என்கிறேன்,
பாதி உதட்டால்.

டாக்டர் விரலால் தட்டிப் பார்க்கிறார்.
எதுவும் தெரியவில்லை. நிஜமாகவே எதுவும்.
வலியே இல்லாத இந்த நாற்காலியில்
தலையை ஆட்டிப் பொய் சொல்கிறேன்:
இன்னும் இல்லை.

நான்காவது தடவையும்
அவர் கேட்க வேண்டும்.