விடுபட்ட 'மே'

சாந்தோன்யாவில் நெத்திலிக்கு முள் எடுப்பது என் வேலை.
வெந்நீரில் முக்கி, துணியில் தேய்த்துத் தோலுரித்து,
வால் நறுக்கி, இரண்டாகப் பிளந்தால்
முதுகுத்தண்டு ஒரு நூலாக வரும்.
வராவிட்டால் மீன் கிழியும்.
எட்டு மணி நேரம்.
உப்பில் ஊறிய கை வீடு வரும்வரை
யாருடையதோ.

செவ்வாய், வியாழன் இரவுகளில்
மீனவர் சங்கத்து மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு.
ஃபெர்மின் பகலில் தபால்காரர்,
இரவில் எங்களுக்கு வினைச்சொல் பட்டுவாடா.
இந்த மாதம் வந்த பொட்டலம்:
நடக்காத, நடக்கவேண்டிய,
நடந்துவிடுமோ என்று அஞ்சுகிற காரியங்களுக்கான வினை.
அதிலும், செய்தவர் மேலேயே திரும்பி விழுகிற வகை.
கடைசியில் ரா போடலாம், சே போடலாம், பொருள் ஒன்றுதான்.
"ரா வாய்க்கு, சே வக்கீலுக்கு" என்றார்.

ஐந்து வாக்கியம் எழுதிப்போனேன்.
கையைக் கழுவிக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி: மே லவாரா.
மோதிரத்தைக் கழற்றிக்கொள்ளவும் அவரே: மே கித்தாரா.
வங்கியில் ஒருத்தி உட்காரச் சொன்னாள்: மே சென்தாரா.
பேருந்தில் என் தங்கையோடு ஜார்ஜியனில் பேசிக்கொண்டிருந்தபோது
பக்கத்து இருக்கைக்காரன்
வாயை மூடிக்கொள்ளச் சொன்னான்: மே கயாரா.
எல்லோருமே அவசரப்படச் சொன்னார்கள்: மே அப்ரெசுராரா.
அவசரத்துக்கான சொல்லில்தான் எத்தனை ரா,
முடிவதற்குள் பேருந்தே போய்விடும்.

பச்சை மையில் ஐந்துக்கும் சரி போட்டுவிட்டு
ஓரத்தில் கேட்டிருந்தார்:
"நீங்களாக எதுவும் விரும்பவில்லையா, லம்சீரா?"

விரும்பினேன்.
குறிப்பேட்டில் அல்ல.
பிப்ரவரியில், ஆறு நாளாக அர்செனியோ என்னிடம் பேசிய மொத்தமும்
"உப்பு எங்கே" என்று ஆனபிறகு,
விடியுமுன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு செருகினேன்:
சி ஃபுவேரா, கே அரியாஸ்?
நான் போய்விட்டால் என்ன செய்வாய்.
அப்படித்தான் எழுதியதாக நினைப்பு.

மாலையில் அதன் கீழே அவன் கையெழுத்து,
வலை முடிச்சுபோல் பெரிது பெரிதாக:
நீ என்னவாக இருந்தால்?

கேலி என்று நினைத்தேன்.
தட்டைக் கழுவும் சத்தத்தில் பதில் சொன்னேன்.

நேற்று ஃபெர்மின் பலகையில் எழுதிக் காட்டினார்:
இருப்பதற்கும் போவதற்கும் இங்கே ஒரே சட்டை, ஃபுவேரா.
வெறுமனே நின்றால், இருந்தால்.
முன்னால் ஒரு மே நின்றால், கிளம்பிவிட்டால்.
"வெளியே போ என்பதற்கும் அதே சொல்தான்" என்றான்
பின்பெஞ்சிலிருந்து மோதூ.
சிரித்தோம்.
யாரிடம் கற்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆக, மூன்று மாதமாக அவன்
ஒரு புதிருக்கு விடை தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.
இப்போது ஞாபகம் வருகிறது:
ஒருநாள் சூப் கரண்டியை நீட்டியபடி, "பறவையா?"
இன்னொரு நாள் படுக்கையில், இருட்டில்,
"பணக்காரியா?"
பைத்தியம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சீட்டு இன்னும் அங்கேதான்,
எண்ணெய் தெறித்து ஓரமெல்லாம் கண்ணாடியாகி.
சி-க்கும் ஃபுவேராவுக்கும் நடுவே
இரண்டு எழுத்து நுழைகிற இடம்.
பேனா முனையை அதில் வைத்தேன்.
மை ஒரு புள்ளியாக ஊறியது.

படிக்கட்டில் ரப்பர் பூட்ஸ் சத்தம்.

மே-யை நான் எறிந்துவிடவில்லை.
பில்பாவோ பேருந்து அட்டவணையின் பின்பக்கம்
தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.
சீட்டில், அவன் கேள்விக்குக் கீழே, அவசரமாக,
பூட்டில் சாவி திரும்புவதற்குள் எழுதியது
வேறு:

நெத்திலியாக.
முள்ளோடு.