மார்ச் ஒன்று, 1993

பூஜ்யம் என்றால் எல்லாம் போய்விட்டது.
ஏழு என்றால் எந்திரம் தன்னோடு தானே பேசிக்கொள்கிறது.
நடுவில் கிடக்கும் எண்களைப் பார்க்கத்தான்
கூட்டுறவு வங்கி எனக்குச் சம்பளம் தருகிறது.
இரவு பத்து முதல் காலை ஆறு,
காரைக்குடி செக்காலை ரோடு, இரண்டாம் மாடி.
ஏசி எந்திரத்துக்கு. எனக்குச் சால்வை.

பதினெட்டுக் கிளைகள், நாற்பத்தொரு சுவிட்சுகள்.
கல்லல் அதிகம் பேசாது.
கோட்டையூர் யார் நுழைந்தாலும் சொல்லும்,
யார் போனாலும் சொல்லும்.
பள்ளத்தூரில் சுண்ணாம்புச் சுவரைத் துளைக்க
மூன்று டிரில் பிட் உடைந்ததாம்.
அந்தக் கோபமோ என்னவோ,
சித்திரையில் நடுராத்திரியிலும் நாலாம் நிலையில்
சூடு, சூடு என்று முணுமுணுக்கும்.

புதுவயலில், அடுத்த கட்டடத்து அரிசி ஆலை மோட்டார்
விடிகாலை நாலரைக்குக் கிளம்பும்போது
பதினோராம் போர்ட் செத்துப் பிழைக்கும்.
இரண்டே விநாடி.
அதற்கு இரண்டு வரி எழுதும் சுவிட்ச்:
இணைப்பு விழுந்தது, மூன்று.
பேச்சு நின்றது, ஐந்து.
ஒரே சாவுக்கு இரண்டு துக்க ஓலை.
பிழைத்ததற்கும் இரண்டு.

முதல் மாதம் எல்லாவற்றுக்கும் எழுந்தேன்.
ஒரு ராத்திரிக்கு நாலாயிரத்துச் சொச்சம்.
அதிர்ந்து அதிர்ந்து மேசையில் ஊர்ந்த போன்
ஒருநாள் விளிம்பு தாண்டி விழுந்தது.
செபஸ்தியான் சிரித்தான்.
“நாலுக்கு மேல அடைச்சு விடு, சிகப்பி.
அஞ்சுல யாரும் சாகறதில்ல.”
அடைத்தேன்.
அதற்குப் பிறகுதான் அறையில்
ஏசியின் சத்தம் கேட்டது.

வைகாசியில் அவன் தோஹா போனான்.
பரோட்டா, ஒரு பேனா, செயலாளரின் கைகுலுக்கல்.
அவன் கணக்கை நீக்கச் சொல்லி ஒரு தாள் வந்தது.
தாள் என் மேசையில் இருந்தது.
தாளின்மேல் டீ வட்டம் இருந்தது.

ஆவணி. இடி.
ஒன்று பத்துக்குக் கரண்ட் போய்
புதுவயல் சுவிட்ச் அணைந்து எழுந்தது.
எழுந்ததும் தேதி கேட்டால்
1993 மார்ச் ஒன்று என்கிறது.
மணி சொல்ல ஆளில்லாத சுவிட்சுக்கு
விழிக்கும்போதெல்லாம் அதே நள்ளிரவு.
நான் பிறக்க இன்னும் நாலு வருஷம் கிடக்கிறது.
அப்பா அம்மாவைப் பார்த்தே இருக்கமாட்டார்.
எதை எதோடு பொருத்துவது?

வடிகட்டியைத் திறந்து அடிவரை படித்தேன்.
தவிட்டில் நொய் பொறுக்குகிற வேலை.
நடுவில், ஐந்தாம் நிலையில், ஒரு வரி:
அமைப்பு மாற்றப்பட்டது. மாற்றியவர் செபஸ்தியான்.

கை சில்லிட்டது.
விசிறி நின்றால் இரண்டு.
வெந்து அணையப் போகிறதென்றால் ஒன்று.
மூன்று மாதம் முன்பு ஊரைவிட்டுப் போனவன்
நள்ளிரவில் சாவி போட்டு உள்ளே வந்தால்
ஐந்து.

நேற்றைய பிரதியோடு வரிவரியாய் ஒப்பிட்டேன்.
கடவுச்சொல்லைத் தொடவில்லை.
பணம் போகிற பாதையைத் தொடவில்லை.
ஒரே ஒரு வரி கூடியிருந்தது:
மணி தெரியாவிட்டால் காரைக்குடியைக் கேள்.
அதற்கு அடுத்த பதிவிலிருந்து தேதி சரி.
முப்பது வருஷத்தை ஒரே எட்டில் தாண்டி
இந்த மழைக்குள் வந்து நின்றது புதுவயல்.

அலர்ட் பட்டியலைத் திறந்தேன்.
என் எண்ணுக்குக் கீழே அவன் எண்.
நாங்களும் எடுக்கவில்லை.
அவனும் சிம்மைக் கழற்றவில்லை போல.
தோஹாவில் அப்போது பத்து நாற்பது.
சாப்பிட்டுப் படுத்திருப்பான். போன் அதிர்ந்திருக்கும்.
மே, ஜூன், ஜூலை,
ஒவ்வொரு விடிகாலையும், அங்கே இரண்டு மணிக்கு,
ஆலை மோட்டார் அவனை எழுப்பியிருக்கிறது.
ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

விதி தெரியும். தாளை எடுத்தேன்.
கணக்கை நீக்கினேன். எண்ணை எடுத்தேன்.
நடந்ததை அறிக்கையில் நடந்தபடி எழுதினேன்.
அவன் சேர்த்த வரியை என்ன செய்தீர்கள்
என்ற கட்டத்தில்
‘வைத்துக்கொண்டேன்’ என்று எழுதி
‘வைக்கப்பட்டது’ என்று திருத்தினேன்.
சுவிட்ச் என்னையும் குறித்துக்கொண்டது:
மாற்றியவர் சிகப்பி. ஐந்து.

நாலரைக்கு மோட்டார் கிளம்பியது.
பதினொன்று செத்துப் பிழைத்தது.
என் போன் அதிர்ந்தது,
என் போன் மட்டும்.