மூன்று ஒட்டுள்ள பாய், விலைக்கு

வர்க்கலையிலிருந்து கூப்பிட்ட ஆள்
முதலில் விலை கேட்கவில்லை.
"ஒட்டு எத்ர உண்டு சேச்சி?" என்றார்.
மூன்று.
ஏழரை சதுர மீட்டர் பாய், கார்பன் மரம்,
அடித்துடுப்பு இரண்டு, ஒன்றில் விளிம்பு தேய்ந்தது.
மறைக்கவில்லை. ஐஸில் கிடந்ததைப்
புதுமீன் என்று விற்காத ரோஸ்லெட்டின் மகள் நான்.

நீரோடியில் கரை கிடையாது.
கடல் தின்ற இடத்தில்
நாலுகால் சிமெண்டுக் கட்டைகள்.
பதினோரு வருடம் பலகையைத் தலையில் சுமந்து
பொழியூருக்கு நடந்தேன்.
அங்கே மாநிலம் மாறும், காற்று மாறாது.
ஒருநாள் சோம்பல்பட்டு
கட்டைமேல் நின்றே பாயை இறக்கினேன்.
முதல் ஒட்டு அது.

சென்னையில் சொன்னார்கள்:
நீ பழகுவது கேரளத்துத் தண்ணீரில்.
திருவனந்தபுரத்தில் சொன்னார்கள்:
உன் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில்.
அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் நடுவே
மூன்று தேசியப் போட்டிகள் போயின.
அதற்கு ஒட்டுப் போட முடியவில்லை.

இரண்டாவது, பட்டாயா போகும் வழியில்.
உறைக்குள் என்ன இருக்கிறதென்று
பிளேடால் கேட்டார் ஒரு சுங்க அதிகாரி.
என் டிக்கெட்டைவிட மரத்துக்குக் கூலி அதிகம்,
தம்பி பெல்ஜினின் வள்ளப் பங்கில்
இரண்டு நடைப் பணம்.
இருபத்தேழு பெண்களில் பத்தொன்பதாவது வந்தேன்.
மறுவருடம் பதினொன்று.
அதற்கடுத்தும் பதினொன்று.
அதற்குமேல் ஏறவில்லை,
ஒரே ஒரு ஓட்டம் தவிர:
முதல் மிதவையை நான்தான் முதலில் திரும்பினேன்,
காற்று செத்தது.
இருபத்தேழு பாய்களும்
பிரசங்கம் முடியாத ஞாயிறு பூசைபோல்
நின்ற இடத்தில் நின்றன.
அரைமணி கழித்துக் கொடி ஏற்றி
ஓட்டத்தையே இல்லையென்றார்கள்.
அந்த அரைமணி ஆசியாவில் நான் முதல்.
எந்தத் தாளிலும் இல்லை,
அதனால் சொல்கிறேன்.

ஜெயித்ததா? ஒருமுறை, கோவளத்தில்.
பரிசு, மேசை விசிறி.
இன்னும் ஓடுகிறது. அது விற்பனைக்கில்லை.

வள்ளக்காரர்கள் என்னைக் கடக்கும்போது கத்துவார்கள்:
"எட்டி, வலையும் இல்ல தூண்டிலும் இல்ல,
பின்ன என்னத்துக்குப் போற?"
திரும்பி வரத்தான் என்பேன்.
சிரித்துவிட்டு
சிலர் மட்டும் சிரிப்பதை நிறுத்துவார்கள்.

மூன்றாவது எப்படிக் கிழிந்தது, தெரியாது.
ஒரு விடியலில் விரித்தபோது இருந்தது.
வலது முழங்காலைத் தட்டி டாக்டர் கேட்டபோதும்
இதையேதான் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தார், பிக்கப் வண்டியோடு.
பாயை வெயிலில் பிடித்து
ஒட்டுகளை விரலால் எண்ணினார்.
சரியாக மூன்று.
ஆனாலும் ரெண்டாயிரம் குறைக்கச் சொன்னார்.
குறைத்தேன்.
"ஒந்து ஓடிச்சு காணிக்குமோ?"

மணி மூன்று.
கச்சான் அப்போதுதான் எழும்பி
பொழிமுகத்துத் தண்ணீரில் மயிர்க்கூச்செடுத்தது.
செருப்பைக் கழற்றி, போனை அதற்குள் வைத்து
இடுப்பில் கொக்கி மாட்டிக்கொண்டேன்.
பலகை தண்ணீரைவிட்டு எழுந்ததும்
முழங்கால் ஏதோ சொன்னது,
இரைச்சலில் கேட்கவில்லை.

இப்போது மணி ஐந்து இருக்கும்.
கரையில் ஒரு சின்ன ஆள்
காதில் கைவைத்து நிற்கிறார்.
என் செருப்புக்குள்
போன் அடித்துக்கொண்டிருக்கும்.