வாட்டுப் புத்தகத்தின் ஓரம்

பேக்டரியின் நாலாம் மாடி.
கொழுந்து வாடும் இரவுகளில்
மணிக்கொரு தரம் எழுத வேண்டும்:
வெட் எவ்வளவு, டிரை எவ்வளவு,
எந்தத் தட்டைப் புரட்டியாயிற்று.
கடைசிக் கட்டம் அச்சில் இல்லை.
யாரோ அடிமட்டம் வைத்துக் கோடிழுத்துத்
தலைப்பிட்டிருக்கிறார்கள்:
தெற்கு வெளிச்சம்.

அப்புத்தளையில் மலை சட்டென்று முடிகிறது.
பனி விலகினால் வெல்லவாய,
அதற்கப்பால் இருட்டு,
இருட்டின் கடைசித் தையலில்
ஓர் ஊசிமுனை
வந்து வந்து போகும்.
கடல் என்பார்கள். நான் போனதில்லை.

பழைய புத்தகங்கள்,
கறையான் தின்றது போக, அலமாரியில்.
ஐம்பத்தெட்டில் அ. மரியதாசன் என்று கையெழுத்து.
உண்டு. உண்டு. மூடுபனி. உண்டு.
பிறகு நேரமும் குறிக்கத் தோன்றியிருக்கிறது அவருக்கு.
6.31. 6.29. 6.52.
பக்கத்தில் பென்சிலால்:
ஏற்றுகிறவனுக்குச் சுகமில்லை போலும்.
மறுநாள் 7.05.
அதற்கடுத்த நாள் 6.26, வேறு ஆள், சுறுசுறுப்பு.

இப்படிப் பதினாலு வருஷம்
முகம் தெரியாத ஒருவனின் காய்ச்சலை,
அவன் வெசாக் இரவில் தூங்கிப்போனதை,
கொழுந்தின் ஈரத்தோடு சேர்த்து
எழுதி வைத்திருக்கிறார்.

எழுபத்திரண்டில் கையெழுத்து மாறுகிறது.
அவருடைய கடைசி வரி:
நாளை தலைமன்னார் ரயில்.
கப்பலில் நின்று எந்த வெளிச்சத்துக்கு
நேரம் குறித்தாரோ,
அந்தப் புத்தகம் இங்கே வரவில்லை.

எண்பத்து மூன்று ஜூலை:
எட்டு நாள் எல்லாக் கட்டமும் வெறுமை.
வெளிச்சம் இருந்திருக்கும்.
ஜன்னலில் முகம் காட்ட
யாருக்குத் தைரியம்.

தொண்ணூற்றொன்றில் ஏதோ ஒரு கிழமை தொடங்கி
6.24. 6.24. 6.25. 6.25.
யாரும் பிந்தவில்லை.
யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை.
'மிஷின் வந்திருச்சு' என்று எழுதி
அடியில் இரட்டைக் கோடு,
கணக்கு முடித்தது போல.

இப்போது எங்கள் காற்றாடிகளும்
தாமாகவே நிற்கின்றன, தாமாகவே சுழல்கின்றன.
வெட்டையும் டிரையையும் ஒரு பெட்டி எழுதிக்கொள்கிறது.
நான் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.
அந்த ஒரு கட்டத்துக்குத்தான்
இன்னும் கை வேண்டியிருக்கிறது.

போன மாசியில்
வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தும்
நாலு இரவு
இல்லை. இல்லை. இல்லை. இல்லை.
ஐந்தாம் இரவு
துறைமுகத்து நம்பரைத் தேடி எடுத்தேன்.
எந்தக் கப்பல், என்று சிங்களத்தில் ஒரு குரல்.
கப்பல் இல்லை. அப்புத்தளை.
கொஞ்ச நேரம் அலை கேட்டது,
அல்லது அவனுடைய ஃபேன்.
'அது ஆட்டோமெட்டிக், நங்கி.
கெட்டுப்போனால் எங்களுக்குத் தகவல் வரும்.'
வந்ததா, என்றேன்.
தாள் புரளும் சத்தம்.
புரண்டுகொண்டே இருந்தது.
'இப்போதுதான் வந்திருக்கிறது' என்றான்.

மறுநாள் மூவாயிரம் கிலோ கொழுந்து,
அதில் பாதி மழையில் நனைந்தது.
ஜன்னலுக்குப் போனபோது 9.40.
இருந்தது.
எப்போது ஏற்றினார்கள், யார் ஏணியில் ஏறினார்கள்,
தெரியாது.

எழுதினேன்:
உண்டு.
பிந்தியது நான்.
காய்ச்சல் இல்லை, கொழுந்து அதிகம்.