முப்பத்தெட்டு

உக்கடம் பழைய சாமான் சந்தை, ஞாயிறு, கபூர் பாய் கடை.
உடைந்த தையல் மிஷின்களுக்கு அடியில்
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஆணி.
ஆணிக்குள் கிடந்தது அந்த வில்லை:
குறுக்கே இரண்டு துப்பாக்கி,
நடுவில் வட்டத்துக்குள் வட்டம்,
கீழே பொடி வளையங்களில் தொங்கும் பட்டைகள்.
1936. 1937. 1939. 1940.

குறி தவறாதவனுக்கு ஆண்டுக்கொரு பட்டை.
போத்தனூர் ரயில்வே காலனியில்
வீடு காலி செய்தபோது வந்தது என்றார் பாய்.
மதுக்கரைப் பக்கம் சுட்டிருப்பான் என்று
நானாகச் சொல்லிக்கொண்டேன்.
முதுகில் ஊசியால் கீறிய பெயர்: டி. லாசரஸ்.
எடைக்குத்தான் கொடுத்தார், பித்தளை விலை.

முப்பத்தெட்டில் லாசரசுக்கு என்ன ஆனது?
காய்ச்சலா, கண்வலியா,
வெறுமனே கை நடுங்கிவிட்டதா?
ஒரு மாதம் இதே யோசனை.
வசந்தாமணி சொன்னாள்:
"தங்கச்சி ஊட்டு மொய்யை மறந்த ஆளுக்கு
எவனோ செத்தவன் லீவு போட்ட கணக்கு எதுக்குங்க?"

கணபதியில் எனக்கு லேத் பட்டறை.
பம்பு ஷாப்டில் எண் அடிக்கிற பஞ்ச் ஒரு செட் உண்டு.
மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டியிருந்தது.
பொள்ளாச்சி டாக்டர் சொன்னார்:
"வரிசை முழுசா இருந்தா இருவதாயிரம்.
பல்லுப் போன வாய் எனக்கு வேண்டாம்."

ஒரு ராத்திரி வேலை.
பித்தளைத் தகடு, ஒன்றே கால் இஞ்சு.
ஒன்று. ஒன்பது. மூன்று. எட்டு.
ஓரத்தை அரத்தால் இழைத்து
உப்புப் போட்ட மாட்டு மூத்திரத்தில் நாலு நாள்,
கோழிக் கூண்டுக்கு அடியில் ஒரு மாதம்.
தோண்டி எடுத்தபோது எழுபது வயசு அதற்கு.
என்னைவிட மூத்தது.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். எண்ணித் தந்தார்.
நானும் மறந்துவிட்டேன்.
இல்லை, மறக்கவில்லை. பேசாமல் இருந்தேன்.

பதினோரு வருஷம் கழித்து
சேலத்து வியாபாரி வீடு தேடி வந்தார்.
வேறொரு வில்லை, வெள்ளி முலாம், முதுகில் பெயரில்லை.
1935 முதல் 1940 வரை ஒரு பல்லும் போகாத வரிசை.
நாற்பத்தையாயிரம்.
வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசவில்லை.

ராத்திரி மேஜை விளக்கில்
ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவன்
முப்பத்தெட்டில் நின்றேன்.
எட்டின் மேல்வட்டத்தில், வலப்பக்கம்,
மூடாத ஒரு மயிரிழை.
என் எட்டாம் பஞ்சின் நுனி பொரிந்தது எப்போதோ.
காங்கேயத்திலிருந்து உடுமலை வரைக்கும்
கிணத்துக்குள் இறங்கிப் பார்த்தால்
என் பட்டறைப் பம்பு ஒவ்வொன்றிலும் அந்த மயிரிழை இருக்கும்.
எப்படியோ லாசரசிடமிருந்து கழன்று
பெயரில்லாதவன் மேல் ஏறிக்கொண்டது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
"அட, உங்க எட்டு உங்க ஊட்டுக்கே வந்துருச்சுங்களா?
அதும் வட்டியோட" என்றாள் வசந்தாமணி.
கொஞ்சம் பொறுத்து,
"அந்த டாக்டருக்குத் தெரியுமுங்களா?"
டாக்டர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

மறுநாள் சூலூர்க்காரர் மோட்டார் ஒன்று
கால் சமமில்லாமல் அதிர்ந்தது. ஷிம் தேடினேன்.
வளையத்தைக் கழற்றி
அந்தப் பட்டையை அடியில் செருகினேன். கச்சிதம்.
"இப்ப எப்படி ஓடுதுங்க?" என்று போனில் கேட்டால்
"சத்தமே இல்லீங்க" என்கிறார்.

மீதி ஐந்து.
முப்பத்தேழின் ஏழில் மேல்கோடு லேசாகச் சாய்கிறது.
என் பஞ்ச் இல்லை.
ஆனால் ஓரத்தை இழைத்த அரம்
இடமிருந்து வலம் போய்க்
கடைசியில் ஓர் அழுத்து அழுத்தியிருக்கிறது.
லேத்காரன் கை அது.
எந்த ஊரோ. எந்த மகளுக்கு என்ன பணமோ.

லென்சை முப்பத்தாறுக்கு நகர்த்தவில்லை.
விளக்கையே பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.