இரண்டு பூஜ்யங்களுக்கு நடுவே

ஃபாரோ தீவு. குடா ஓரத்தில் மீன்பண்ணைக் கொட்டகை.
இரவு ஒன்றரை. காற்று தகரத்தைப் பிறாண்டுகிறது.
லினக்ஸ் திரையில் ஒன்பது வரிகள்,
ஒன்பதின் வாலிலும் அலாரம்.

புலி வருது, புலி வருது என்று
நாலு வருஷமாகக் கத்திய பெட்டி,
புலியே இல்லாத தீவில்.
யால்கிரிம் அதன் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டுத்தான்
டென்மார்க் போனான், முழங்கால் ஆபரேஷனுக்கு.

திங்களன்று கரண்ட் போய் வந்தது.
நடுஜாமத்தில் தீனிக்குழாய்கள் தாமாகத் திறந்து
இருட்டில் கிடந்த சால்மன்கள் மேல்
முன்னூறு கிலோ உருண்டைகள்.
முதலாளி கேட்டார்: ரன்வா, என்ன இது?

அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று.
கீழ் எல்லை பூஜ்யம். மேல் எல்லை பூஜ்யம்.
இரண்டு பூஜ்யங்களுக்கு நடுவே
எதனால்தான் நிற்க முடியும்?
யாரும் வகுக்காத வரம்பை
எல்லாமே மீறிக்கொண்டிருந்தன.

மல்டிமீட்டரின் சிவப்பு முனையை
மஞ்சள் வயரில் வைத்தேன்: பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஆறு.
ஆறு மடங்கு, அச்சுப் பிசகாமல்.
சில்லுக்கு அவ்வளவு பெரிய வாய் இல்லையென்று
பலகை செய்தவன் இரண்டு ரெசிஸ்டர் வைத்துக்
குறுக்கி ஊட்டியிருக்கிறான்.
எங்கும் எழுதிவைக்கவில்லை, மகராசன்.

நான் எழுதினேன்: ஆறால் பெருக்கு.
கீழே பதினொன்று புள்ளி நான்கு,
மேலே பன்னிரண்டு புள்ளி ஆறு.
எதனோடும் சேராத ஒரு கால்
வாய்க்கு வந்ததை உளறிக்கொண்டிருந்தது;
அதைக் கண்டுகொள்ளாதே என்று இன்னொரு வரி.

சேமித்தேன். பார்த்தேன். அலாரம்.
கெட்ட வார்த்தை வந்தது, சொன்னேன்.
மறுபடி பார்த்தேன்: இல்லை.
பழைய புகாரை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான்
கிழித்துப் போடுமாம் இந்தச் சில்லு.

ஒன்றொன்றாக ஏழு வரிகள் வாயை மூடின.
ஒன்று மூடவில்லை.

காசு வடிவப் பேட்டரி.
மூன்று இருக்கவேண்டும், இரண்டு புள்ளி ஒன்று இருக்கிறது.
கரண்ட் இல்லாதபோது
கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.
இத்தனை கூச்சலில் இது மட்டும்
நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறது.
எப்போதிருந்து என்று சொல்ல ஆளில்லை.

கிளாக்ஸ்விக்கில் கடை திறக்க ஒன்பதாகும்.
தீனி நிறுக்கும் சின்னத் தராசைக் கவிழ்த்து
அதன் வயிற்றிலிருந்து காசை எடுத்தேன்.
பொருந்தியது. மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு.
நேரத்தைத் திருத்தினேன்.
தராசின் மேல் ஒரு சீட்டு: என்னை நம்பாதே.

ஸ்பீக்கர் வயரையும் மாட்டினேன்.
பிறகு அந்த அமைதியை
கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு
கேட்டுக்கொண்டிருந்தேன்.